விட்டத்துக் கரி

2009 நவம்பர் 12, வியாழக்கிழமை, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டம். அக்கா வாங்கிய பண்ணை வீட்டின் கூரைக்குள் ஏணியில் நிற்கிறேன், கைவிளக்கின் வட்டத்துக்குள் ஓக் மரங்கள் கறுத்துக் கிடக்கின்றன, தொட்ட விரலில் கரி, பழைய பதிவேடு இந்தக் கூரை 1840களில் புதிதாகப் போடப்பட்டது என்கிறது, கரி அப்படிச் சொல்லவில்லை, புகைபோக்கி கட்டுமுன்னர் கீழே கூடத்தின் நடுவில் தீ எரிந்திருக்கிறது, அப்போது மாடி இல்லை, புகை நேரே ஏறி வைக்கோல் கூரையில் கசிந்திருக்கிறது, அப்படியானால் இந்த மரங்களுக்கு ஐந்நூறு வயதுக்கு மேல், கீழே ஒரு பெண் புகையில் இருமுகிறாள், ஊதுகிறாள், மறுபடி இருமுகிறாள், இல்லை, அது அக்கா, என்னடா தெரியுது, வீடு வித்த ஏஜென்ட் சொன்னமாதிரிப் புதுக்கூரைதானே.

புதுக்கூரை என்றால் பெரிய குறுக்கு விட்டத்தை வெட்டி லிஃப்ட் வைக்க உள்ளூர்க் கவுன்சில் அனுமதி தரும், ஐந்நூறு வருசத்துக் கூரை என்றால் பாதுகாக்க வேண்டிய பழஞ்சின்னம், தொடவிடாது, அதற்குத்தான் கட்டட ஆய்வாளனான என் அறிக்கை, பாரிசவாதம் விழுந்த அத்தான் ஏழு மாதமாக மாடி அறையில், அந்த ஒடுங்கிய படியில் அவரைத் தூக்கி இறக்க இரண்டு ஆள் வேண்டும், குளியலறையும் மாடியில்தான். இறங்கி அவர் அறைக்குள் போய்க் கரி விரலைக் காட்டினேன், அத்தான் கோணிய வாயால் சிரித்தார், ஐந்நூறு வருசத்து அழுக்கோ மச்சான், உன்ர கொக்கா வந்தே மூண்டு வருசமாகுது, இன்னும் துடைக்கேல்லைப் பார். அக்கா சிரிக்கவில்லை, என்னை ஏணியடிக்கு இழுத்து வந்தாள், காணேல்லை எண்டு எழுது, உன்னை விட்டா ஆரடா உதுக்குள்ள ஏறப்போறான், மரம் பெரிசோ மனுசன் பெரிசோ. அவள் பேசிக்கொண்டிருக்க ஊரில், உடுவிலில், எங்கள் வீட்டுப் பனை விட்டங்கள் புகைகின்றன, 1987 ஐப்பசிச் சண்டை, காணி உறுதியும் எரிந்துவிட்டது, நட்டஈட்டுப் படிவத்தோடு வந்த எழுதுவினைஞர் கேட்கிறார், இதிலை வீடு இருந்ததுக்கு என்ன அத்தாட்சி, அக்கா சாம்பலுக்குள் கைவிட்டு உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரிக்கிறாள், இது காணாதோ ஐயா, அவர் காணாது என்கிறார், அதே கை இப்போது என் கையைப் பிடித்திருக்கிறது, என் கரி அவள் விரல்களிலும் ஏறிவிட்டது, எந்த வீட்டுக் கரி என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை, மேலே அத்தானின் கட்டில் முனகுகிறது, ஈரத்துணி தாறன், துடைச்சுவிடு என்கிறாள், ஏலாது அக்கா என்கிறேன், ஏலாதோ, மனமில்லையோ என்கிறாள், நான் கமராவை எடுத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறுகிறேன்.

கரியின் பதின்மூன்று படங்களுடன் அறிக்கையை அனுப்பினேன். ஜனவரியில் கவுன்சில் அனுமதி மறுத்தது. அந்த ஆண்டு ஆடி மாதம் அத்தான் மாடி அறையிலேயே இறந்தார். இணையத்தில் வந்த மரண அறிவித்தலில், மைத்துனர்கள் என்ற வரியில் என் பெயர் இருக்கவில்லை.