அவருக்கு என்ன அவசரம்

அப்பாவைக் கடைசிப் பயணத்துக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகும் சாவிச் சண்டை ஓயவில்லை.

“நான்தான் ஓட்டுவேன். எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு,” என்றார் தாடிக்கார டிரைவர்.

“நீ போடுற பிரேக்குக்கு அவரு எழுந்து உக்காந்துடுவாரு. சாவியக் குடுப்பா,” என்றார் குள்ளமான இன்னொருவர்.

துக்கத்துக்கு வந்து வீட்டு வாசலில் நின்ற நர்ஸுகள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுது கண் வீங்கியிருந்த அம்மாகூடச் சிரித்தாள். மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். நேற்று காலை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், அப்படியே சரிந்து உயிரை விட்டுவிட்டார். மகளுக்குப் பெரிய கம்பெனியில் வேலை. யாருக்கு என்ன போனஸ், என்ன விருது கொடுத்தால் வேலையில் நிலைப்பார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. அப்பா மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. போன வருடம் தன் முதலாளியின் காரை ஓட்ட இரட்டிப்புச் சம்பளத்தில் அவரைச் சேர்த்துவிட்டாள். ஒரே வாரம். சொல்லாமல் கொள்ளாமல் பழைய வேலைக்கே போய்விட்டார்.

“ஏம்ப்பா இப்படி என் மானத்த வாங்குறீங்க?”

“காலையில கூட்டிட்டுப் போறேன், சாயங்காலம் கூட்டிட்டு வரேன். போன மாதிரியே திரும்பி வர்றாரும்மா அந்த மனுஷன். அதுல என்ன இருக்கு?”

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு ஒட்டவில்லை.

தாடிக்காரரின் போன் அடித்தது. கேட்டவர் முகம் மாறியது.

“பின்தெருவுல சாரம் சரிஞ்சு கொத்தனார் ஒருத்தர் விழுந்துட்டாராம். இன்னொரு வண்டி ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு...” மேலே சொல்ல முடியாமல் வண்டிக்குள் பார்த்தார்.

“இறக்குங்கப்பா,” என்றாள் அம்மா.

“அம்மா! ஏத்தின அப்பாவையா?”

“அவருக்கு இனிமே என்னடி அவசரம்?”

நாலு பேராகத் தூக்கி வந்து கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். குள்ளர் ஸ்ட்ரெச்சரைத் துடைத்து உள்ளே தள்ளினார். ஒரு நர்ஸ் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் பின்னால் ஏறினாள். இன்று அவளுக்கு லீவு. சாவிக்கு அடித்துக்கொண்ட இருவரும் முன்சீட்டில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

தெருவை அடைத்துக்கொண்டு மணல் லாரி ஒன்று வந்தது. மகள் ஓடிப்போய் நடுவில் நின்று கையை உயர்த்தினாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான், திட்டினான். வண்டி திரும்பி முனையைத் தாண்டும்வரை அவள் நகரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் மறுபடி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். யாரோ இன்னொரு சுற்று டீ போட்டார்கள். டம்ளர்கள் காலியாகும் முன் அம்மாவின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். தாடிக்காரரின் குரலுக்குப் பின்னால் வேறொருவர் கத்துவது கேட்டது.

“அக்கா, கால் மட்டும்தான் ஒடிஞ்சிருக்கு. வாய் நல்லா இருக்கு. இவன் பள்ளத்துல விட்டான்னு வழியெல்லாம் எங்களத் திட்டிட்டே வந்தாரு.”

“நான் ஓட்டலக்கா, இவன்தான் ஓட்டினான்!” என்று குள்ளரின் குரல் குறுக்கே பாய்ந்தது.

கூடமே சிரித்தது. இந்த முறை மகளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்தபடியே எழுந்து கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

“கால் மட்டும்தானாம்ப்பா.”

ஏற்றி இறக்கியதில் அவர் முன்முடி கலைந்திருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டாள்.