வருஷத்துக்கு ரெண்டு சைக்கிள்

என் கணவர் முத்திருளனை டாக்டரிடம் காட்டிக் கொடுத்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. பெருமையாகத்தான் சொன்னேன்.

அவருக்கு முப்பத்தாறு வயது. ஆணழகன் போட்டியில் இரண்டு தடவை ‘மிஸ்டர் மதுரை’ பட்டம் வாங்கியவர். ஜிம்மில் கோச். ஒரு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடத்தில் கால் குழி விழுந்தது. கேட்டால், "லெக் ஒர்க்கவுட் ஓவராயிருச்சு" என்பார். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் ஸ்யாமளா எக்கோ ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"இதயம் வீங்கியிருக்கு. அறுபது பர்சென்ட் பம்ப் பண்ண வேண்டியது, இருபத்தஞ்சுதான் பண்ணுது. குடிப்பீங்களா?"

"இல்ல மேடம். சிகரெட்டும் தொட்டதில்ல."

"ஜிம்முக்குப் போறவங்க போடுற ஊசி ஏதாவது?"

"ச்சே. முட்டையும் கோழியும்தான் மேடம். எல்லாம் நேச்சுரல்."

எட்டு வருடமாகத் தினமும் இருபது முட்டை அவித்து மஞ்சள் கருவைப் பிரித்தெடுத்தவள் நான். அதை வீணாக்க மனசு வராமல் பொரித்துத் தின்றே என் நாக்கு செத்துப் போயிருந்தது. அப்படி வளர்த்த உடம்பை இந்த அம்மா சந்தேகப்படுகிறாரே என்று எனக்கு எரிச்சல். வாயைத் திறந்தேன்.

"அம்புட்டு கட்டுப்பாடு மேடம் இவருக்கு. வருஷத்துக்கு ரெண்டு சைக்கிள், பன்னெண்டு பன்னெண்டு வாரம், தவறாமப் போடுவாரு. போன்ல பேசும்போது நானே கேட்டிருக்கேன்."

ஜிம்மில் நின்ற இடத்திலேயே மிதிப்பார்களே, அந்த சைக்கிள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். என்னவர் தரையைப் பார்த்தார்.

"அது மிதிக்கிற சைக்கிள் இல்லம்மா. சில வாரம் ஸ்டீராய்டு ஊசி போட்டு, நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்கிறதுக்கு இவங்க வச்ச பேரு. இதயமும் சதைதானே? தடிச்சு, தளர்ந்துபோச்சு." பிறகு அவரிடம் கேட்டார்: "எத்தனை வருஷமா?"

"எட்டு."

"நிறுத்திட்டா சரியாயிருமா மேடம்?" என்று கேட்டேன்.

"இன்னைக்கே நிறுத்தி, மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டா கொஞ்சம் தேறலாம். பழையபடி ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்."

ஆட்டோவில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு வருடம் என்னை முட்டை அவிக்க வைத்து ஏமாற்றியிருக்கிறார்.

"பேரையூர் அழகுபாண்டி போன வருஷம் ஆணழகன் போட்டி மேடையிலயே விழுந்து செத்தாரே, அவரும் இதத்தான் போட்டாராங்க?"

"அவன் அளவு தெரியாமப் போட்டான். நான் பாத்துத்தான் போட்டேன்."

இருபத்தைந்து பர்சென்ட் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னார். சிரிப்பதா அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் போன் அடித்தது. ஜிம்மில் அவரிடம் பயிற்சி எடுக்கிற சூரியபிரகாஷ். கப்பலூரில் கம்பெனி வேலை, கைக்குழந்தைக்காரன். அண்ணே ஏன் ஜிம்முக்கு வரவில்லை என்று கேட்டிருப்பான் போல.

"வைரஸ் காய்ச்சல்டா. பத்து நாள்ல வந்துருவேன். நீ பாட்டுக்கு சைக்கிள முடி, நடுவுல நிறுத்தாத" என்று சொல்லி போனை மேஜையில் வைத்தார்.

"அவன் பொண்டாட்டியும் முட்டை அவிச்சுக்கிட்டுத்தான இருப்பா? உண்மையச் சொன்னா என்ன?"

"வெளிய தெரிஞ்சா ஜிம்முல ஒருத்தன் மதிப்பானாடி?"

நான் அந்தப் போனையே எடுத்தேன். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து சூரியபிரகாஷுக்கு அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜில் பேசினேன். "தம்பி, மதினி பேசுறேன். அண்ணனுக்கு வைரஸ் இல்ல. அந்த ஊசியாலதான் இதயம் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீயும் இன்னையோட நிறுத்திரு. உன் பிள்ளைய நெனச்சுப் பாரு."

பிடுங்குவதற்காக அவர் எழுந்தார். நாலடி வைப்பதற்குள் மூச்சு வாங்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூற்றைம்பது கிலோ தூக்கிய மனுஷன். பாவமாகத்தான் இருந்தது; ஆனாலும் போனை நான் கொடுக்கவில்லை.

சற்று நேரத்தில் பதில் வந்தது. அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"பாத்தேன் மதினி. மனசே சரியில்ல. அண்ணே பாவம், அளவு தெரியாமப் போட்டுட்டாரு. நீங்க பயப்படாதீங்க. நான் பாத்துத்தான் போடுறேன்."

அவர் நிலையைப் பிடித்தபடியே நின்றார். நான் அதை இன்னொரு தடவை போட்டேன்.