மணம் சொன்ன சாயங்காலங்கள்

பேராசிரியர் அப்துல் ஹக்கீமுக்கு வாழ்வின் கடைசி நான்கு வருடங்கள் எந்த மணமும் தெரியவில்லை. ஆனால் கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் மனைவி ரஃபியாவின் நினைவில் தெளிவாக நிற்பது அந்த நான்கு வருடங்கள்தான்.

அதற்கு முன்னால் அவர் மூக்குக்காகவே பேர் போனவர். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தினார். ஆய்வகத்தில் மாணவர்கள் பாட்டிலின் பேரை மறைத்து நீட்டுவார்கள். அவர் உள்ளங்கையால் காற்றை லேசாக விசிறி, கண்ணை மூடி, இன்னதென்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். மகள் ஹுஸ்னா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவள் உச்சந்தலையை முகர்ந்து, "நாளைக்குக் காய்ச்சல் வரும்" என்பார். வரும். கல்லூரியிலிருந்து வந்ததும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவளைத் தூக்குவார். ஆசிட் வாடை பிள்ளை மேல் ஒட்டிவிடக் கூடாது.

கொரோனா வந்த வருடம் அவரும் படுத்தார். காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று. மணம் மட்டும் திரும்பவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல நாகல் நகர் முனையில் மல்லிகைச் சரம் வாங்கி, மூக்கருகே பிடித்து, "இன்னைக்கு நல்ல பூ" என்று ரஃபியாவிடம் கொடுப்பார். சில நாள் அது பழுப்பேறிய பழைய பூவாக இருக்கும். பூக்காரியின் மனம் நோகக் கூடாதென்று வாங்கி வருகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். பாதிப் படியிலேயே கேஸ் வாடை முகத்தில் அடித்தது. அடுப்படியில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் அதைப் பார்த்து, மறுபடி பற்றவைக்க லைட்டரை எடுத்திருந்தார்.

ரஃபியா பாய்ந்து அதைப் பிடுங்கினாள். கேஸைத் திருகி அடைத்து, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள்.

"இம்புட்டு வாடை அடிக்குது, உங்களுக்குத் தெரியலையா?"

அவர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"தெரியல ரஃபியா. காய்ச்சல் வந்ததுலேர்ந்து எதுவுமே தெரியல."

கேஸ் கசிந்தால் மனிதருக்குத் தெரிய வேண்டுமென்றே அதில் நாற்றமுள்ள கந்தகச் சேர்மம் ஒன்றைக் கலக்கிறார்கள் என்று வருடா வருடம் பாடம் நடத்தியவர் அவர். அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். முருங்கைப்பூக்கள் அவர் தோளில் உதிர்ந்துகொண்டிருந்தன. ரஃபியா அவற்றைத் தட்டிவிடாமல் பக்கத்தில் நின்றாள்.

மறுநாள் பூ வாங்கி வந்தவர் அதை அவள் மூக்கருகே பிடித்தார்.

"எப்படி இருக்குன்னு சொல்லு."

"மல்லிப்பூ மாதிரி இருக்கு."

"அது எனக்கும் தெரியும். வேற மாதிரி சொல்லு."

ரஃபியா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கண்ணை மூடி யோசித்தாள். "யாரோ குளிச்சுட்டு ஈரத்தலையோட பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு. ஆனா அடியில லேசா ஒரு அழுகின வாடையும் இருக்குங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது இண்டோல். தனியா எடுத்தா நாறும். அது துளி இல்லைன்னா மல்லிக்கு மல்லி மணமே கிடையாது. முப்பது வருஷமா நடத்துறேன், ஒரு பையன் இதைக் கண்டுபிடிச்சதில்ல."

அதன்பின் சாயங்காலங்களில் இருவரும் ஸ்கூட்டரில் வத்தலக்குண்டு ரோட்டில் போனார்கள். போய்ச் சேர இடமென்று எதுவும் இல்லை. வெயில் மஞ்சளாகி வயல்கள் மேல் படுத்திருக்கும். அவர் மெதுவாக ஓட்டுவார். அவள் அவர் தோளருகே முகத்தை வைத்து, கடந்து போவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். செங்கல் சூளைப் புகை. அறுத்துப் போட்ட சோளத்தட்டை. தூரத்தில் கொடைக்கானல் மலையை மழை மறைத்திருக்கும். தூறல் இங்கே வருமுன்னே மண்வாசம் வந்துவிடும். "புதுப் பானையில மொதத் தண்ணி ஊத்துற மாதிரி" என்பாள். அவர் அதற்கொரு பேர் சொல்வார். ஜியோஸ்மின். அந்தப் பேர்களெல்லாம் அவளுக்கு, வேற்றூரில் வாழ்க்கைப்பட்டுப் போன சொந்தக்காரப் பெண்களின் பேர்களாகக் கேட்டன. எங்கேயாவது ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, செத்த நேரம் இருந்துவிட்டுத் திரும்புவார்கள்.

சில காலைகளில் அவர் எழுந்ததும் முகம் மலர்ந்திருக்கும்.

"கனவுல மணக்குது ரஃபியா. அங்க மட்டும் எல்லாம் மணக்குது."

தோல் பதனிடும் வேலைக்குப் போய்த் திரும்பும் அவருடைய அத்தாவின் சட்டையில் ஆவாரம்பட்டை மணந்ததாம். கைக்குழந்தை ஹுஸ்னாவின் கழுத்தில் புளித்த பால் மணந்ததாம். அவர் சொல்லச் சொல்ல அவளுக்கும் அது மணப்பது போலிருக்கும். டீ ஆறிப்போகும்.

ஓய்வு பெற வேண்டிய இந்த வருடம், தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஹுஸ்னா வந்து தாயோடு தங்கினாள். ரஃபியா அழவுமில்லை, அதிகம் பேசவுமில்லை. வந்தவர்களெல்லாம் வந்து போன பிறகு ஒரு நாள் ஜோஸ்பின் வந்தாள். ஹக்கீமிடம் படித்து, அவர் துறையிலேயே வேலை பார்ப்பவள்.

"உங்களை நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைம்மா" என்றாள். "சார் கிளாஸ்ல, எனக்கு மணம் தெரியாது, எங்க வீட்டம்மா சொன்னதைச் சொல்றேன்னுதான் ஆரம்பிப்பாரு. வாழைப்பழ வாசனை வர்ற எஸ்டர்னு ஒரு திரவம் இருக்கே, அதை என்னன்னு சொன்னீங்க நீங்க?"

ரஃபியாவுக்கு நினைவு வரவில்லை.

"சிறுமலைப் பழக்காரம்மா கூடைச் சாக்கை விலக்குற நேரம்னு சொன்னீங்களாம். ஒரு பையன் பரீட்சையில அதை அப்படியே எழுதிட்டான். நான் மார்க் போட்டுட்டேன்."

ரஃபியா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, அப்படியே அழுகையாயிற்று. ஹுஸ்னா எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து ரஃபியா முகத்தைத் துடைத்தாள். "அவரு கிளாஸ்ல எப்படி நிப்பாரும்மா? நான் ஒரு நாளும் பாத்ததில்ல."

ஜோஸ்பின் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுவரோரமாகப் போய், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று காட்டினாள்.