கெலா விழுந்த விதம்

அன்று திபிலிசி அரங்கில் ஜூடோ அரையிறுதியில் மோதிய இருவருமே எங்கள் நாட்டு ஆட்கள். யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் கூட்டம் இருவருக்கும் சேர்த்தே கத்தியது. ஒரு பக்கம் மிரியான், இளைஞன். ஒரு ஜப்பான்காரனையும் ஒரு பிரெஞ்சுக்காரனையும் காலையிலேயே மல்லாத்திவிட்டு வந்திருந்தான். எதிர்ப்பக்கம் கெலா. அந்த எடைப் பிரிவில் வெகுகாலமாக நாட்டுக்காக நின்றவன், ஐரோப்பியப் பதக்கங்கள் வாங்கியவன், முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். ஒலிம்பிக்குக்கு ஒரு எடைக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். தரவரிசையில் இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவனுக்கு அந்த இடம் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பயிற்சி முகாமில் மிரியான் தினமும் கெலாவோடு பிடித்துப் பழகியவன். கெலாவின் கனம் எங்கே இருக்கும், மூச்சு எப்போது மாறும் என்பதெல்லாம் அவன் கைகளுக்கு அத்துப்படி. ஆனால் பயிற்சியில்கூட அவனால் கெலாவை முழுசாகத் தூக்க முடிந்ததில்லை. இடுப்பைக் கொடுத்துத் திருப்பினால், கெலா கீழே இறங்கிக் கல்லாக நின்றுவிடுவான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மிரியானின் வலது கை கெலாவின் முதுகுக்கு மேலாகப் போய் பெல்ட்டைப் பிடித்தது. அந்தப் பிடியை கெலா யாருக்கும் கொடுக்கமாட்டான். மிரியான் இடுப்பைத் திருப்பினான். கெலாவின் உடம்பு லேசாக வந்தது. காலியான சாக்கு மாதிரி வந்தது.

அந்த நொடியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. கையை விட்டிருக்கலாம். விடவில்லை. பழகிய இடுப்பு அதுபாட்டுக்குத் திரும்பியது. கெலா முதுகு பட விழுந்தான். நடுவர் கையை உயர்த்தினார்: இப்பொன், முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது. அரங்கம் இடிந்து விழுவதுபோல் சத்தம். மிரியான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தான். பிற்பாடு அவனை அதிகமாக வதைத்தது அந்தக் குதிப்புதான்.

கெலா வணங்கிவிட்டு வந்து அவன் பிடரியில் தட்டினான். "போடா, போய் ஃபைனல ஜெயிச்சுட்டு வா" என்றான். மிரியான் பயிற்சியாளர் ஆன்சோரைத் திரும்பிப் பார்த்தான். அவர் களத்தையே பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

இறுதிப் போட்டியில் மிரியான் ஒரு கொரியாக்காரனை வென்று தங்கம் வாங்கினான். மறுநாள் பயிற்சிக் கூடத்தில் ஆன்சோரைப் பிடித்தான்.

"மாஸ்டர், கெலா அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்ல? நல்லா ஆடுன்னு சொன்னேன்."

"நான் தூக்கல மாஸ்டர். அவரே விழுந்தாரு."

ஆன்சோர் கதவைச் சாத்தினார். "ஜெயிச்சவன்னு ஸ்கோர் போர்டுல யார் பேரு இருந்துச்சு? அவன் முட்டி ஒலிம்பிக் வரைக்கும் தாங்காது. அது அவனுக்கே தெரியும். ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பிச்சுக்கிட்டு, நீ ஃபைனல்ல பொணம் மாதிரி நின்னிருந்தா சந்தோஷமா? பெரிய யோக்கியன் மாதிரி பேசாத. போ, போய் கயிறு ஏறு."

மிரியான் போய்க் கயிறு ஏறினான். வேறென்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் நடப்பதே தண்டனையாகிவிட்டது. டாக்ஸிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ரொட்டிக் கடைக்காரி அடுப்பிலிருந்து எடுத்த முதல் ரொட்டியைக் கையில் திணித்து, "எங்க சிங்கம்டா நீ" என்றாள். விருந்துகளில் அவன் பெயரைச் சொல்லி எல்லோரும் எழுந்து நின்று குடித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எவ்வளவு அடக்கம் பாரு" என்று அதற்கும் ஒரு கோப்பை குடித்தார்கள்.

திராட்சை அறுவடை தொடங்கியதும் மினிபஸ் ஏறி கஹேத்திக்குப் போனான். கெலாவின் ஊர் அங்கேதான். அறுவடைத் திருவிழாவில் மேளம் கொட்ட மல்யுத்தம் நடக்கும். அங்கே ஊர் முன்னால் கெலாவோடு நிஜமாக மோதிவிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

வாசலில் கெலாவின் மனைவி லம்சீரா திராட்சைக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

"வாங்க சாம்பியன். அவரு தோட்டத்துல இருக்காரு, வந்துடுவாரு. கை கழுவிட்டு உக்காருங்க. வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

'எங்களுக்கு' என்பதை அவள் அழுத்திச் சொன்ன விதத்தில் மிரியானுக்குக் காது சுட்டது. மேஜையில் பாலாடைக்கட்டியும் திராட்சைக் கொடி நெருப்பில் சுட்ட இறைச்சியும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கெலா காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். கோப்பைகளில் மதுவை ஊற்றினான். "நமக்காக ஒலிம்பிக் போற தம்பிக்கு" என்று உயர்த்தினான். மிரியான் கோப்பையை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே இறக்கினான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை திருவிழாவுல நாம ரெண்டு பேரும் பிடிப்போம். நிஜமா. ஊரு பாக்கட்டும்."

"எதுக்கு?"

"எனக்கு நிம்மதியே இல்ல அண்ணே."

கெலா கோப்பையைக் கீழே வைத்தான். "உன் நிம்மதிக்கு நான் ஊரு முன்னாடி நிக்கணுமா? நான் ஜெயிச்சா, அன்னைக்கு வேணும்னே விழுந்தேன்னு ஊரு பேசும். தோத்தா, மிச்சமிருக்குற முட்டியும் போகும். எப்படிப் பாத்தாலும் கழுவிக்கிட்டுப் போறது நீதான். அழுக்குத் தண்ணி என் மேல."

"அப்ப ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"மாஸ்டர் கேட்டாரு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினான். "என் பொண்ணு என்ன நெனைக்கிறா தெரியுமா? அப்பாவத் தூக்கினவன் உலகத்துலயே பெரிய ஆளாத்தான் இருக்கணும்னு நெனைக்கிறா. அந்த நெனப்பக் கெடுக்காம விட்டுடு. என் வெக்கத்த நான் பாத்துக்கறேன். உன்னோடத நீ பாத்துக்க."

அந்த நேரம் பார்த்து தேக்லே வந்து சேர்ந்தாள். கெலாவின் ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பயிற்சி முடிந்து ஜூடோ சட்டையைத் தோளில் போட்டிருந்தாள். மிரியானைப் பார்த்ததும் பையைத் தரையில் எறிந்தாள்.

"மாமா! அப்பாவத் தூக்கிப் போட்டீங்களே, அத எனக்குக் காட்டுங்க! வீடியோல திரும்பத் திரும்பப் பாத்துட்டேன், எப்படின்னு பிடிபடவே இல்ல."

"இன்னொரு நாள் காட்டறேம்மா..."

"அப்பா, நீங்க சொல்லுங்க!"

கெலா மகளைப் பார்த்தான். பிறகு எழுந்து, அவளுடைய பெல்ட்டை வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு புல்தரையில் போய் நின்றான். "வாடா. புள்ள கேக்குறா."

மிரியான் முதுகுக்கு மேலாகக் கைபோட்டுப் பெல்ட்டைப் பிடித்தான். இடுப்பைத் திருப்பினான். கெலா அசையவில்லை. மிரியான் மூச்சைப் பிடித்து இன்னும் இழுத்தான். காலடியில் புல் பெயர்ந்தது. கெலா அப்படியே நின்றான். அந்த முட்டியோடு, அந்த வயதில், கல்லாக நின்றான். அவன் மூச்சு மிரியானின் காதருகே அமைதியாக வந்துகொண்டிருந்தது.

பிறகு உடம்பு லேசானது. கெலா அவன் தோள் மேலாகச் சுழன்று புல்லில் விழுந்தான்.

தேக்லே கைதட்டவில்லை. நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்பா, கடைசில ஏன் விட்டுட்டீங்க?"

கெலா மல்லாந்து கிடந்தபடியே சிரித்தான். "வயசாயிடுச்சு கண்ணு."

அவள் மிரியானைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவ செய்யுங்க மாமா."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான் மிரியான். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. லம்சீரா பொட்டலம் கட்டிக் கொடுத்த ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தான். அதைப் பிரிக்கவே இல்லை.

ஒலிம்பிக்கில் மிரியான் இரண்டாவது சுற்றில் ஒரு மங்கோலியனிடம் தோற்றான். சுத்தமான தோல்வி, ஒரே தூக்கு. கூரை விளக்குகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தான்.

ஊர் அவனை வெறுக்கவில்லை. திரும்பி வந்ததும் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். "நீங்க பிடிச்சதிலேயே கஷ்டமான ஆள் யாரு? அந்த மங்கோலியனா?" என்று கேட்டாள் நிகழ்ச்சி நடத்தியவள்.

"கெலா. நான் அவர ஒரு தடவைகூடத் தூக்கினதில்ல."

வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தேக்லேயின் சுருங்கிய நெற்றி ஞாபகத்துக்கு வந்தது. அவளும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நிகழ்ச்சி நடத்தியவள் கலகலவென்று சிரித்தாள். "பாத்தீங்களா! ஊரே பாக்கத் தூக்கிப் போட்டுட்டு, தூக்கலன்னு சொல்றாரு. பெரியவங்க மேல என்ன மரியாதை!" அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரும் நம்பவில்லை என்பதில் மிரியானுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக அவன் கழுத்து வரை சிவந்தான்.

வெளியே ஆன்சோர் காத்திருந்தார். அவன் தோளில் தட்டி, "நல்லாப் பேசினடா" என்றார்.