ஷாஹினாவுக்குத் திறக்காத பக்கம்

"இணைப்பு ஏற்படவில்லை."

வெண்திரையின் நடுவே இவ்விரண்டு சொற்கள் மட்டும் நின்றன. காரணம் கூறவில்லை, பரிகாரமும் கூறவில்லை. ஷாஹினா மீண்டும் பொத்தானை அழுத்தினாள். மீண்டும் அதே இரண்டு சொற்கள்.

திண்டுக்கல் பேகம்பூர் மகளிர் படிப்பகத்தின் ஒரே கணினி, தோல் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் கழித்துக்கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. பெரிய உலாவிகளைத் திறந்தால் அதற்கு மூச்சுத் திணறும். ஆகவே படிப்பகத்தின் செயலாளர் ஹாஃபிஸா, பழைய இயந்திரங்களுக்கென்றே ஆக்கப்பட்ட இலகுவான உலாவி ஒன்றை அதில் நிறுவியிருந்தாள். சுமை குறைந்த உலாவிக்குப் பேச்சும் குறைவு. தடுக்கி விழுந்தால், எந்தக் கல் தடுக்கியது என்று அது வாய்திறந்து சொல்லாது.

ஷாஹினாவுக்கோ அந்தக் கல் எதுவென்று தெரிந்தே ஆக வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் அவளுக்குச் சென்னையில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது; படிப்பு, தோல் தொழில்நுட்பம். "இவ்விடத்தை ஏற்கிறேன்" என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் அரசின் தளத்தில் ஒப்புதல் தராவிட்டால், இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஏன் கடைசி நாள் வரை காத்திருந்தாள் என்று கேட்காதீர். அவள் காத்திருக்கவில்லை, காக்க வைக்கப்பட்டாள். அவளுடைய தந்தை பக்ருதீன் அன்று காலையில்தான் இளகினார். அதிலும் பாதிதான் இளகினார்.

"அஞ்சு மணிக்குள்ள சீட்டு உறுதியாச்சுன்னா போ, தடுக்கல. ஆகலைன்னா நிலக்கோட்டை மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன். அப்புறம் அழுவக்கூடாது."

ஆண்பிள்ளைக்கு இடம் கிடைத்தால் தெருவுக்கெல்லாம் மிட்டாய். பெண்பிள்ளைக்கு இடம் கிடைத்தால் வீட்டுக்குள்ளே நிபந்தனை! இந்த நீதியை எழுதியவர் எவர் என்று கேட்டால், ஊரில் ஒருவரும் கையுயர்த்த மாட்டார். கடைப்பிடிப்பவர் மட்டும் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்.

அப்படிப்பட்ட ஒருவர் படிப்பகத்தின் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார். பக்ருதீனின் தம்பி மன்சூர். நிலக்கோட்டை வரனைக் கொண்டுவந்தவரும் அவரே. தொழுகை முடித்த கையோடு அண்ணன் மகளுக்குத் துணையாக வந்திருந்தார். துணைக்கு வந்த வாய் சும்மா இருக்கவில்லை.

"தோல் மண்டியில பொறந்துட்டு, தோலைப் படிக்க மெட்ராஸ் போகணுமாக்கும். நம்ம கிடங்குல செத்த நேரம் நின்னா மூக்காலயே படிச்சிரலாம்."

"மூக்கால படிச்சதுக்கு யாரும் டிகிரி தர மாட்டாங்க சின்னத்தா" என்றாள் ஷாஹினா சிற்றப்பாவிடம், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பாரு, வாயை! இதுக்கே இம்புட்டுன்னா, மெட்ராஸ் போய் வந்தா நாங்கள்லாம் ஊரை விட்டே ஓடணும்."

ஹாஃபிஸா அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அவள் கணினி அறிவியலில் பட்டம் பெற்றவள். கோளாறு கண்ட இடத்தில் குமுறுவதைவிடக் குடைவது மேல் என்று கற்றவள். முதலில் கம்பியைக் கழற்றி மாட்டினாள். அடுத்து ரவுட்டரை அணைத்து ஏற்றினாள். பச்சை விளக்கு நிலைத்து நின்றது. செய்தித்தாள் ஒன்றின் பக்கத்தைத் திறந்தாள், திறந்தது. ரயில் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தாள், அதுவும் திறந்தது. கலந்தாய்வுத் தளத்தைத் திறந்தாள்.

"இணைப்பு ஏற்படவில்லை."

"ஊருக்கெல்லாம் தெறக்குது, எங்க புள்ளைக்கு மட்டும் தெறக்கலையா? அல்லாஹ்வே வேணாங்கிறான், விடுங்கம்மா" என்றார் மன்சூர்.

"அல்லாஹ் மேல பழி போடாதீங்க. பிரவுசர்ல ஏதோ கோளாறு. நான் பாத்துக்கிறேன்."

உலாவி சேர்த்து வைத்திருந்த பழைய பக்கங்களை ஹாஃபிஸா அழித்தாள். இடையில் வேறு வழியாகச் சுற்றிப்போகும்படி ஏதேனும் அமைப்பு இருக்கிறதா என்று துழாவினாள், இல்லை. பின்பு தன் கைப்பேசியில் அதே தளத்தைத் திறந்தாள். திறந்தது! ஷாஹினா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். ஆனால் ஒப்புதல் பக்கத்தை எட்டியதும், "இப்பக்கத்தைக் கணினியில் மட்டுமே திறக்கவும்" என்று கைப்பேசி கைவிரித்தது.

"தளம் உயிரோட இருக்கு. நெட்டும் நல்லா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல யாரோ கதவைச் சாத்துறாங்க" என்றாள் ஹாஃபிஸா.

"பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிரலாமாக்கா? அங்க நெட் சென்டர் இருக்கே."

"அந்தப் பக்கம் இன்னிக்கு மாதாந்திரக் கரண்ட் கட்டு. அஞ்சு மணிக்குத்தான் வரும்."

ஷாஹினா மெல்ல உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழக்கூடாது என்று காலையில் இடப்பட்ட கட்டளையை அப்போதே நிறைவேற்றத் தொடங்கிவிட்டவள்போல், உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அந்த முகத்தைக் கண்டு, மன்சூர்கூட ஒரு கணம் கேலியை நிறுத்தினார்.

அந்நேரம் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து, அங்கே சற்றுப் பேசியிருந்துவிட்டு, தொப்பியோடு உள்ளே வந்தார் நைனா முகமது, ஹாஃபிஸாவின் தாய்மாமன். படிப்பகத்தைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் பொறுப்பு. நாள்தோறும் காலையில், வாசலில் உள்ள கரும்பலகையில் இஸ்லாமியத் தேதியை எழுதி வைப்பதும் அவர் பொறுப்பே. தெருவில் பலருக்கு அந்தப் பலகைதான் காலண்டர்.

"என்னம்மா, எழவு வீடு மாதிரி இருக்கு?"

"சைட்டு தெறக்கல மாமு. செத்த இருங்க" என்ற ஹாஃபிஸாவின் கண், முகவரிக்கு இடப்புறத்தில் சிவந்திருந்த சின்னஞ்சிறு பூட்டுப் படத்தில் விழுந்தது. "திண்டுக்கல்லுல பொறந்துட்டு பூட்டைப் பாக்காம விட்டேன் பாரு!"

பூட்டை அழுத்தினாள். இதுகாறும் இரண்டு சொற்களுக்கு மேல் பேசாத உலாவி, கேட்டவுடன் ஒரு சிறு பெட்டி நிறையப் பேசியது. தளத்தின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆதலால் இணைக்க மறுக்கிறேன் என்பது அதன் வாக்குமூலம்.

"சான்றிதழ்னா என்னக்கா?"

"நான் போலி இல்லைன்னு அந்தத் தளம் காட்டுற அடையாள அட்டை. எந்த நாள்லருந்து எந்த நாள் வரைக்கும் செல்லும்னு அதுல இருக்கும். நம்ம கம்ப்யூட்டர் தன்னோட தேதியை வச்சு ஒத்துப் பாக்கும். இது இன்னிக்குக் காலையிலதான் புதுப்பிச்ச அட்டை. அப்ப இன்னிக்குச் செல்லணுமே?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானக்கா?"

இருவர் பார்வையும் ஒருங்கே திரையின் கீழ் மூலைக்குச் சென்றது. அங்கே, எவரும் பொருட்படுத்தாத சிற்றெழுத்தில், வியாழக்கிழமை நின்றுகொண்டிருந்தது.

"கம்ப்யூட்டருக்கு இன்னும் நேத்து முடியல! தேதியை யாரு மாத்துனது?" என்றாள் ஹாஃபிஸா.

நைனா முகமது தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் வைத்தார்.

"நாந்தாம்மா" என்றார்.

நடந்தது இதுதான். பலகையில் எழுதும் தேதியை அவர் கணினியிலிருந்த இஸ்லாமியக் காலண்டரைப் பார்த்தே எழுதிவந்தார். இம்மாதம் திண்டுக்கல்லில் பிறை ஒரு நாள் தாமதித்தே தென்பட்டது. கணினிக் காலண்டரோ எங்கோ ஒரு தூர தேசத்தின் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு நாள் முந்திக்கொண்டது. பிறையை முந்தும் காலண்டரை அவர் எங்ஙனம் பொறுப்பார்? கணினியின் தேதியையே ஒரு நாள் பின்னுக்கு இழுத்துவிட்டார். பிறைக்கணக்கு சரியாயிற்று.

"இழுக்க இழுக்க அது முன்னாடி ஓடிச்சும்மா. என்னடான்னு பாத்தா, தானா சரிபண்ணிக்கிற மாதிரி ஒரு டிக் இருந்துச்சு. அதை எடுத்துவிட்டேன். அப்புறம் சமத்தா நின்னுக்கிச்சு."

"கிழமை தப்பா வருமே மாமு?"

"கிழமை நமக்குத் தெரியாதா? பிறைதானே வேணும்!"

மன்சூர் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். "நைனா பாய், ஜும்ஆவைத் தொழுதுட்டு நேரா வியாழக்கிழமைக்குள்ள வந்து நிக்கிறீங்களே! ஒங்க ஒருத்தருக்குத்தான் இந்தக் கராமத்து, இந்த அற்புதம் வரும்!"

இத்தனை நாளும் அந்தத் தவறு எவரையும் தீண்டவில்லை. மற்றத் தளங்களின் அட்டைகள் பழையவை. ஒரு நாள் பின்னுக்குப் போனாலும் செல்லும். அன்று புதிதாய்ப் பிறந்த ஓர் அட்டைதான் நேற்றைய வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தது.

நைனா முகமது சிரிக்கவில்லை. பிறை பார்த்து மாதத்தைத் தொடங்குவது அவ்வூராரின் உரிமை. அதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் தம் கையால் நிறுத்திய ஒரு நாள், ஒரு பெண்ணின் எதிர்காலத்தின் குறுக்கே விழுந்து கிடப்பதை அவர் கண்ணாரக் கண்டார். கண்டபின் வாதம் செய்யவில்லை. வாதம் செய்யாமல் திருந்துவோரே உலகில் குறைவு. அக்குறைந்த சிலரில் அவர் ஒருவர்.

"நகரும்மா. நாந்தான் கெடுத்தேன், நாந்தான் சரிபண்ணணும்."

அவரே அமர்ந்தார். எடுத்த குறியை மீண்டும் இட்டார். வியாழன் அசைந்து வெள்ளியாயிற்று. காலண்டர் பிறையை முந்திக்கொண்டு ஒரு நாள் தாவியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"இப்ப அமுக்கு தாயி."

ஷாஹினா அழுத்தினாள். வெண்திரை வெண்திரையாகவே நின்றது. மன்சூர் பெஞ்சிலிருந்து எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரிந்திராது. அடுத்த நொடி பூட்டு பச்சையாயிற்று. பக்கம் மேலிருந்து கீழாக விரிந்தது. அவள் பெயரும் படிப்பின் பெயரும் ஒரே வரியில் வந்து நின்றன.

அவள் எடுத்துவந்திருந்த உம்மாவின் பொத்தான் கைப்பேசிக்கு ரகசிய எண் வரவேண்டும். அதைக் கையில் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். ஒரு "டொய்ங்!" அந்த அற்ப ஒலியைக் கேட்டு நான்கு பேர் ஒருசேர மூச்சுவிட்டனர். எண்ணை இட்டாள். ஒப்புதலை அழுத்தினாள்.

"உங்கள் ஒப்புதல் பதிவு செய்யப்பட்டது."

ஷாஹினா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று ஹாஃபிஸா குனிந்து பார்த்தாள், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கூண்டைத் திறந்ததும் பறவை உடனே பறப்பதில்லை. கம்பி இல்லாத காற்றைச் சற்று நேரம் முகர்ந்து பார்க்கும். அப்படி இருந்தது அவள் சிரிப்பு.

"அந்தக் காலண்டருக்குள்ளயே ஒரு நாள் கூட்டிக் கொறைக்க வழி இருக்கு மாமு. கம்ப்யூட்டர் தேதியைத் தொடவே வேணாம். வாங்க, காட்டுறேன்" என்றாள் ஹாஃபிஸா.

"அது கெடக்கு. பள்ளிவாசல்ல கேட்டு எழுதிக்குவேன். முதல்ல புள்ளைக்கு டீ வாங்கியாறேன்" என்று நைனா முகமது ஏறக்குறைய ஓடினார்.

ஷாஹினா தந்தையை அழைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் கிடங்கின் இரைச்சலுக்கிடையே பக்ருதீனின் குரல் வந்தது.

"சரி. ஹாஸ்டலுக்கு என்னென்ன வேணும்னு ஹாஃபிஸாகிட்டக் கேட்டு வை. சாயந்திரம் கடைக்குப் போவோம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மன்சூர் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி. நிலக்கோட்டைக்காரங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க சின்னத்தா."

அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். முதலில் குரல் தணிந்திருந்தது. மன்னிப்புக் கேட்கும் குரல். பிறகு என்ன நேர்ந்ததோ, அது தெருவுக்கே கேட்கும்படி எழுந்தது.

"இல்லைங்க, இப்ப தோதுப்படாது... எங்க அண்ணன் மக மெட்ராஸுக்குப் படிக்கப் போகுது... ஆமா, இஞ்சினியரு... என்னது, தோலா? ஏன், தோலுன்னா எளக்காரமா ஒங்களுக்கு? கவர்மெண்டே கூப்ட்டுக் குடுத்த சீட்டுங்க அது!"

உள்ளே ஷாஹினாவும் ஹாஃபிஸாவும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.