நீலப் பொட்டு வைத்த கப்

சின்னவளின் கையைப் பார்த்தாலே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மெலிந்த விரல்கள், நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம். அந்த விரல்களால் அவள் ஒட்டுப்படத்தைக் கப்பின்மேல் இறக்கும்போது மாமியார் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பார். பெரியவளும் அதே வேலையைத்தான் செய்கிறாள், சின்னவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே. ஒரு நாளும் யாரும் வந்து நின்று பார்த்ததில்லை.

வீட்டின் பின்பக்கம்தான் பட்டறை. மெல்லிய தாளில் படத்தை அச்சடித்து, மேலே வார்னிஷ் அடித்து, வெட்டித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சற்று நேரத்தில் படம் மட்டும் தாளை விட்டு நழுவும். அதைக் கப்பில் வழுக்கி இறக்கி, அடியில் நிற்கும் தண்ணீரை ரப்பர் பட்டையால் தள்ளி, உலரவைத்து, ஓவனில் சூடு காட்ட வேண்டும். ஒரு சொட்டு உள்ளே தங்கினாலும் அங்கே கொப்புளம் கிளம்பும். சூடு போதாவிட்டால் கழுவக் கழுவ ஓரம் தூக்கிக்கொள்ளும். பெரியவள் சரசரவென்று முடித்துத் தட்டில் அடுக்குவாள். சின்னவளோ ஒரே கப்பைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் துடைத்துக்கொண்டிருப்பாள்.

“சின்னவ கைபட்டா ஒட்டின இடமே தெரியலம்மா” என்று மாமியார் வாய்க்கு வாய் சொல்வார். அதுவும் பெரியவள் காதில் விழுகிற இடமாகப் பார்த்து.

இப்படி இருக்கும்போதுதான் கேண்டீன்காரர் வந்தார். ஒரு பெரிய அலுவலகத்தின் கேண்டீன் அவருடையது. கப் எல்லாவற்றிலும் அலுவலகத்தின் சின்னம் வேண்டும் என்றார்.

“போன தடவை வேற எடத்துல வாங்கினேன். ரெண்டே மாசத்துல பாதிப் படம் கழுவுற தொட்டியோட போயிடுச்சு. முதல்ல மாதிரிக்கு ஒண்ணு ரெண்டு செஞ்சு, நீங்களே புழங்கிப் பாருங்க. உரியலேன்னா மொத்தமும் உங்களுக்குத்தான்.”

அவர் போனதும் மாமியார் மருமகள்கள் இருவரையும் கூப்பிட்டார். “ஆளுக்கு ஒரு கப் செய்யுங்க. ரெண்டையும் நான் குடிக்க வெச்சுக்கறேன். எவளோடது தாக்குப் பிடிக்குதோ, அவ கையில பட்டறைச் சாவி. மத்தவ அட்டைப்பெட்டி கட்டட்டும்.”

பட்டறைச் சாவி அன்றுவரை பெரியவளின் இடுப்பில்தான் தொங்கியது. அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டு கப்பும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. அடையாளத்துக்காக அடியில் பெரியவள் சிவப்புப் பொட்டு வைத்தாள், சின்னவள் நீலப் பொட்டு வைத்தாள். மாமியார் காலையில் ஒன்றிலும் சாயங்காலம் ஒன்றிலும் டீ குடித்தார். கழுவுவது வழக்கம்போல முறைவைத்து நடந்தது.

தன் முறை வரும்போது பெரியவள் சிவப்புப் பொட்டை மெத்தென்ற துணியால் துடைத்து வைத்தாள். நீலப் பொட்டை வெந்நீரில் ஊறப்போட்டாள். அழுத்தித் தேய்த்தாள். நார்போட்டுத் தேய்க்கலாமா என்றுகூட யோசித்தாள், கீறல் விழுந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டாள். என்ன செய்தும் அந்தப் படம் அசையவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம், எல்லாரும் படுத்திருந்த நேரம், நீலப் பொட்டைத் தூக்கி ஓவனில் வைத்துச் சூட்டை வழக்கத்துக்கு மேலே ஏற்றினாள். கொப்புளம் கிளம்பட்டும், மஞ்சளாகப் போகட்டும் என்று கண்ணாடிக் கதவின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கிளம்பவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் முன்னைவிடப் பளபளப்பு. கடுப்பில் அடுத்த நாள் இன்னொரு முறையும் வைத்தாள்.

இதற்கு நடுவில் சின்னவளின் நகச்சாயம் ஒரே வாரத்தில் மூன்று முறை மாறியதையும் அவள் கவனிக்காமல் இல்லை. சின்னவள் விஷயத்தில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சிங்காரிக்க மட்டும் மகாராணிக்கு நேரம் கிடைக்கிறது என்று மனசுக்குள் கரித்துக்கொட்டினாள்.

கேண்டீன்காரர் மறுபடி வந்தபோது இரண்டு கப்பையும் ஒரு நாணயத்தால் சுரண்டிப் பார்த்தார். நீலப் பொட்டில் நாணயம் வழுக்கிக்கொண்டு போனது. சிவப்புப் பொட்டில் படம் ஓரத்திலிருந்து தோலாக உரிந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைச் சட்டையில் துடைத்தார்.

பெரியவளால் நம்ப முடியவில்லை. அவள் ஒட்டியது இத்தனை சீக்கிரம் உரிந்ததே இல்லை. ஆனால் எல்லார் கண்முன்னாலும் உரிந்ததே. மாமியார் கை நீட்டினார். அவள் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சின்னவள் மேஜையில், பெரியவள் தரையில். அவள் ஒட்ட ஒட்ட, இவள் காகிதம் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். ஒரு நாள் சுற்றப்போன கப்பின் படத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாள். லேசாக ஓரம் தூக்கியது. இன்னொன்றை எடுத்தாள், அதிலும் தூக்கியது. வழக்கமான சூடு, ஒரே தடவை. வீட்டுக் கழுவலுக்குத் தாங்கும், கேண்டீன் தொட்டிக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. போகட்டும், எல்லாம் திரும்பி வரட்டும். மூக்கு உடையட்டும், சாவி தானாக என்னிடம் வரும். இந்த நினைப்பிலேயே இரண்டு பெட்டி கட்டினாள்.

அப்போது உள்ளேயிருந்து மாமியார் யாரிடமோ ஃபோனில் பேசுவது கேட்டது. “நாணயத்தால சுரண்டினாரு, அசையலயே. அது சின்னவளோட கைராசி.”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. கைராசியாம். அந்தக் கப்பை உருப்படியாக்கியது யார்? மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓவன் முன்னால் வெந்தது யார்? கெடுக்கத்தான் செய்தாள், அது வேறு விஷயம். செய்தது அவள்தானே. அந்தப் பெருமை சின்னவளுக்குப் போவதை அவளால் பொறுக்கவே முடியவில்லை. கட்டிய பெட்டியைப் படாரென்று பிரித்தாள்.

“இதெல்லாம் நிக்காது” என்றாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். “ஏன்க்கா?”

“நீலப் பொட்டு நின்னது உன் கையால இல்ல. நான் மறுபடி ரெண்டு தடவை ஓவன்ல வெச்சேன், சூட்டை ஏத்தி. அதான் அப்படி இறுகிப்போச்சு. இதையும் அப்படி வெச்சாத்தான் தேறும்.”

“நீங்க எதுக்குக்கா என் கப்பை ஓவன்ல வெச்சீங்க?”

கேள்வி வரும் என்று பெரியவள் யோசித்திருக்கவில்லை. “கருகட்டும்னுதான்” என்றாள்.

சின்னவள் ரப்பர் பட்டையை மேஜையில் வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பெரியவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

“உங்க கப்பு தானா உரியலக்கா. நகச்சாயம் அழிக்கிற தண்ணி இருக்கே, அதைப் பஞ்சுல தொட்டு நான்தான் ஓரத்துல தேய்ச்சேன்.”

பெரியவள் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றும் கைகொடுக்கவில்லை. “எதுக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“அத்தை என்ன சொல்வாங்க தெரியுமா? ‘பெரியவளா இருந்தா இந்நேரம் நூறு கப் அடுக்கியிருப்பா, நீ இன்னும் ஒண்ணைத் தடவிக்கிட்டிருக்கே’ம்பாங்க. தினம் இதே பாட்டுதான். உங்க வேகம் எனக்கு வரவே வராதுக்கா. நீங்க தட்டுல அடுக்குற சத்தம் கேட்டாலே எனக்கு எரியும்.”

பெரியவள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை. உண்மையான வயிற்றெரிச்சல் அது. அதன் நிறம் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். தன்னைப் பார்த்து ஒருத்தி வெந்திருக்கிறாள், அதுவும் இவள், இத்தனை நாளும். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவளுக்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை. சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியிலிருந்து கப்புகளை எடுத்து ஓவன் தட்டில் அடுக்கினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

கதவை மூடிச் சூட்டை ஏற்றிய பிறகும் ஒரு விஷயம் அவளை விடவில்லை.

“ஒரே தடவை தேய்ச்சதும் வந்துடுச்சா?”

“எங்க வந்துது? மூணு தடவை தேய்ச்சேன். என் நகத்துல இருந்ததுதான் ஒவ்வொரு தடவையும் போச்சு.”

“மூணு தடவையா?”

“மூணு தடவைக்கா. கை வலிச்சுப்போச்சு.”

பெரியவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அத்தை வந்தா” என்றாள், “மூணு தடவைங்கறதையும் சொல்லு.”