அழகம்மா காப்பாற்றிய கடதாசி

வட்டக்கச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடைக்கு நான் மனேச்சர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக, ஊரில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்றாலும் என் தலையில்தான் விழும். புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோதும் அப்படித்தான். மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து எங்கள் வாய்க்கால் கரையில் குடியேறிய, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத சனத்துக்கு, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதவர்கள் என்றால், ஒரு சத்தியக் கடதாசியோடு இலங்கைக் குடியுரிமை. நல்ல சட்டம் என்று நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"இனி நீங்களும் இந்த நாட்டு ஆக்கள். கையில இருக்கிற கடதாசியள் எல்லாத்தையும் கொண்டு வாங்கோ."

கடைசி வசனத்தை வாய்க்குள் வைத்திருந்திருக்கலாம். எங்கே, எனக்குத்தான் வாய் சும்மா இராதே.

அழகம்மாவுக்குக் காணிக்காக அந்தக் குடியுரிமை வேண்டும். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது, புருசன் மாயாண்டியோடும் கைக்குழந்தை மீனம்மாவோடும் ஓடி வந்தவர். இரண்டு பேருமாகக் காடு வெட்டி இரண்டு ஏக்கர் காணி எடுத்தார்கள். மூன்றாம் வருசம் அந்தக் காணியிலேயே மாயாண்டியைப் பாம்பு கடித்தது. காணிக்கான உத்தரவுப் பத்திரம் இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் அந்தப் பத்திரங்களைக் கொடுக்கும் காணிக் கச்சேரி. அதற்குள் சான்றிதழ் இல்லையென்றால் காணி வேறு ஆளுக்குப் போய்விடும்.

குடியுரிமை அதிகாரி வந்த அன்று முதலில் போனது அழகம்மாவின் பக்கத்து வளவுக்காரன் வீரையா.

"இந்தியாவுக்கு விண்ணப்பிச்சனீங்களோ?"

"இல்லீங்க."

ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்தது அழகம்மா. அவருடைய கடதாசியிலும் 'இல்லை' என்று நானே எழுதியிருந்தேன். கேட்டு எழுதவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினேன்.

"வேற ஏதும் பத்திரம் இருக்கோ அம்மா?" என்று அதிகாரி சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

அழகம்மா மடியிலிருந்து பொலித்தீன் பையை எடுத்தார். மீனம்மாவின் பிறப்புப் பத்திரம். அதற்குக் கீழே மாயாண்டியின் பேரில் ஒரு இந்தியப் பாஸ்போட்.

"எல்லாம் எரிஞ்சு போச்சுங்க தொரை. இத மட்டும் நெருப்புக்குள்ள பூந்து எடுத்தேன்." தழும்பு விழுந்த முழங்கையைக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நல்ல மனுசன், கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசியாவது ஆறியிருப்பேன்.

"அம்மா, உங்கட அவர் உங்களையும் சேர்த்து இந்தியாவுக்குப் பதிஞ்சிருக்கிறார். நீங்கள் இந்தியப் பிரசை. இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை."

"அப்ப காணிங்க?"

"நீங்கள் இந்தியாவுக்குத்தான் போகவேணும்."

"இந்தியாவுக்குப் போற கப்பல் நிண்டு அஞ்சு வருசம்!" என்று நான் கத்திவிட்டேன்.

"தெரியும் மனேச்சர். சட்டத்தில கப்பலைப் பற்றி ஒண்டும் இல்லை."

அழகம்மா திரும்பி, வாசலில் நின்ற வீரையாவைப் பார்த்தார். பாஸ்போட்டை வாங்கித் திரும்பவும் பைக்குள் வைத்து மடித்தார்.

வெளியே வந்ததும் வீரையா என் கையைப் பிடித்தான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"மாயாண்டியும் நானும் ஒரே நாள்லதாங்க இந்தியாவுக்கு எழுதிப் போட்டோம். எனக்கும் பாஸ்போட்டு வந்துச்சு. லயத்தோட எரிஞ்சு போச்சு."

சைக்கிளை உருட்டிக்கொண்டு அழகம்மாவோடு வாய்க்கால் கரையால் நடந்தேன். சட்டத்தில் கோபமா, என்னிலே கோபமா என்று தெரியவில்லை.

"அந்தச் சனியனைக் கிழிச்சுத் தண்ணிக்குள்ள எறியுங்கோ. நான் வேற இடத்துக்குப் புதுசா எழுதித் தாறன்."

அவர் நின்றார். "அன்னைக்கே எரிய வுட்டிருக்கணுமாங்க?"

"ஓம்" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

அழகம்மா பையைப் பிரித்துப் பாஸ்போட்டைத் திறந்தார். ஒட்டியிருந்த படத்தில் மாயாண்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு விறைத்துப் பார்த்தபடி இருந்தான்.

"அவரு படம் வேற எங்கயும் இல்லீங்க. இதயும் எரிய வுட்டிருந்தா, மீனம்மாவுக்கு அப்பா மொகத்த எதுலங்க காட்டுறது?"